புறா வளர்த்த பேரரசர்

புறா ஒன்றின் உயிரைக் காத்தற்பொருட்டுத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபி மன்னனின் கதையை நாம் அறிவோம். புறாக்களைப் போற்றி வளர்த்து, அவற்றின் இனத்தையே மேம்படுத்திய பேரரசர் ஒருவரும் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே மொகலாயப் பேரரசர் அக்பர்.

அக்பர் 1542ஆம் ஆண்டு சிந்து நாட்டு உமர்க்கோட்டையில் பிறந்தார். அப்பொழுது அவர் தந்தையாராகிய உமாயூன் நாடிழந்து அலைந்துகொண்டிருந்தார். காபூல் நகரில் வளர்ந்த அக்பருக்கு ஏட்டுக் கல்வியில் நாட்டம் செல்லவில்லை. குதிரை, ஒட்டகம், நாய், புறா ஆகியவற்றிலேயே உள்ளம் சென்றது. அவருக்கு அமர்த்தப்பெற்ற ஆசிரியருள் ஒருவர் தாமே புறாப் பித்தர். அக்குறை பற்றியே அவர் விலக்கப்பட்டார். வேறு ஆசிரியர் வந்தும் பயனில்லை. அக்பர் இறுதிவரை எழுத்தறியாதவராகவே இருந்தார்.

புறா வளர்ப்பு அக்குடிக்குப் புதியதன்று. அக்பரின் பாட்டனாராகிய பாபரின் தந்தை உமர் சேக்கு என்பவரும் அதில் பெருவிருப்புடையவர். பள்ளத்தாக்கின் விளிம்பில் அமைந்திருந்த புறாக்கூடு 1494ஆம் ஆண்டில் சரிந்து வீழ, அவர் தம் புறாக்களோடு வீழ்ந்து மாண்டார். சிறுவராகிய பாபர் அரசேற்க நேர்ந்தது.

1556ஆம் ஆண்டில் உமாயூன் இறந்தார். பதின்மூன்று வயதில் முடிசூடிய அக்பர், வளர்ந்தபின், ஆட்சிப் பொறுப்பை எண்ணிப் புறா விளையாட்டைச் சில காலம் கைவிட்டார். விரும்பிய ஒன்றைக் கடமையின்பொருட்டுத் துறத்தல் எளிதன்று. பின்னர் நன்கு ஆராய்ந்து, அதனை மீண்டும் மேற்கொண்டார். இம்முறை அது வெறும் பொழுதுபோக்காக அமையவில்லை.

அவர் அவையில் இருபதினாயிரத்திற்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்றும், அவற்றுள் ஐந்நூறு தனிச்சிறப்புடையவை என்றும் அபுல் பசல் தம் அயினி அக்பரியில் குறித்துள்ளார். ஈரான், தூரான் நாட்டு அரசர்கள் அரிய புறாக்களைப் பரிசாக அனுப்பினர். முன்னாளில் ஒருமுறைக்குப் பதினொன்றோ இருபத்தொன்றோ புறாக்களைப் பறக்கவிடுவர். அக்பர் காலத்தில் 101 புறாக்கள் ஒருங்கே விண்ணில் எழுந்தன. அவை வானில் கர்ணமடித்தன. இரவிலும் உயரப் பறக்கப் பழகியிருந்தன. பாசறை பெயரும்பொழுது கூடுகளை ஆட்கள் சுமந்து செல்ல, புறாக்கள் பறந்தும் இடையிடையே இறங்கி இளைப்பாறியும் பின்தொடர்ந்தன.

புறாக்கள் தம் துணையை எளிதில் பிரிவதில்லை. ஆகவே, எந்தச் சேவலுக்கும் பெடைக்கும் பிறந்த குஞ்சு எது என்பதை வளர்ப்போர் ஐயமின்றி அறியலாம். அக்பர் வெவ்வேறு இனங்களைத் தேர்ந்து இணைத்து, அவற்றைப் பெரிதும் மேம்படச் செய்தார். ஏடு படியாத அவர், கண்ணாலும் பொறுமையாலும் இக்கலையைக் கற்றார்.

அக்பர் 1605ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் முயற்சி மறக்கப்படவில்லை. உயிரினங்களின் தோற்றத்தை ஆராய்ந்த இங்கிலாந்து அறிஞர் தார்வின் தாமும் பலவகைப் புறாக்களை வளர்த்து, கலந்து ஆய்ந்தவர். 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் அக்பரின் புறாக்களை அவர் குறிப்பிட்டார். சென்னை மாநிலத்தில் அலுவலராயிருந்த வால்டர் எலியட்டு என்பவர் இந்நாட்டுப் புறாத்தோல்களை அனுப்பி அவருக்கு உதவினார். விளையாட்டெனத் தோன்றியது அறிவியலுக்குச் சான்றாயிற்று.

அமராவதிக் கரையிலுள்ள கொமரலிங்கத்தில் ஒரு மாணவன் தன் வீட்டு மாடியில் இரண்டு இணைப் புறாக்களை வளர்ப்பானாயின், அவனுக்கும் இவ்வாயில் திறந்தே உள்ளது. நாள்தோறும் கூட்டைத் துப்புரவாக்கி, தானியமும் நீரும் தவறாது அளித்து, குஞ்சுகளின் நிறத்தையும் நடையையும் ஊன்றி நோக்குக. பள்ளிக் கடமை அழைக்கும்பொழுது கூட்டைவிட்டு எழுந்து செல்க. பேரரசர் கொண்ட ஆர்வமும் அடக்கமும் ஒருங்கே வாய்க்கப்பெறின், சிறு பறவையும் நமக்கு நல்லாசிரியனாகும்.