போஸ்பாடா சந்தில் ஓர் அயல்நாட்டு மகள்

1892-ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட சுவாமி விவேகானந்தர், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலில் வந்து ஷோரனூரில் இறங்கினார். அங்கிருந்து மாட்டுவண்டியில் திருச்சூர் சென்று, கொடுங்கல்லூர், எர்ணாகுளம், திருவனந்தபுரம் வழியாகக் கன்னியாகுமரியை அடைந்தார். அந்தப் பயணத்தில் அவர் கண்ணில் பட்ட காட்சிகளில் ஒன்று அவரது நெஞ்சில் முள்ளாகவே தங்கிவிட்டது. அன்றைய மலையாள நாட்டில் இன்ன சாதியார் இன்ன சாதியாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கு இருந்தது. தொடுவது மட்டுமன்று, அருகில் வருவதும் தீட்டு. 1897-இல் சென்னையில் நிகழ்த்திய சொற்பொழிவில் சுவாமிஜி இதனைக் கடுமையான சொற்களால் இடித்துரைத்தார்.

அதே ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் அவர் அல்மோராவிலிருந்து லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியப் பெண்களின் கல்விக்காகத் தன் வாழ்வை அளிக்க முன்வந்த ஓர் இளம் ஆசிரியைக்கு எழுதிய கடிதம் அது. வரவேற்பும் எச்சரிக்கையும் அதில் சேர்ந்தே இருந்தன. வறுமையும் மூடநம்பிக்கையும் மண்டிய சூழலில் வாழ வேண்டியிருக்கும், சாதி பற்றியும் தீட்டுப் பற்றியும் விசித்திரமான எண்ணங்கள் கொண்ட மக்கள் அச்சத்தாலோ வெறுப்பாலோ வெள்ளைத் தோலை விலக்கி வைப்பார்கள், வெள்ளையர்களோ அவளைப் பித்துப் பிடித்தவளாக எண்ணுவார்கள், வெயில் வாட்டும், நகரங்களுக்கு வெளியே ஐரோப்பிய வசதி எதுவும் கிடைக்காது. இத்தனையும் அறிந்த பின்னும் வரத் துணிந்தால் வரலாம், பணியில் வென்றாலும் தோற்றாலும் தாம் இறுதிவரை துணை நிற்போம் என்பதே அக்கடிதத்தின் சாரம். மலையாள நாட்டைக் கண்டு வந்தவரின் எச்சரிக்கையில் மிகை இல்லை.

கடிதத்தைப் பெற்றவர் மார்கரெட் எலிசபெத் நோபிள். 1867 அக்டோபர் 28 அன்று அயர்லாந்தின் டங்கானன் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை சாமுவேல் கிறிஸ்தவ மதபோதகர். மார்கரெட்டுக்குப் பத்து வயதாகும்போது அவர் காலமானார். பதினேழு வயதிலேயே ஆசிரியப் பணியை மேற்கொண்ட மார்கரெட், பெஸ்டலோசி, ஃபிரோபல் ஆகியோரின் குழந்தைக் கல்வி முறைகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டு விம்பிள்டனில் பள்ளி நடத்தி வந்தார். 1895 நவம்பரில் லண்டன் இல்லம் ஒன்றில் சுவாமிஜியின் உரையைக் கேட்டார். முதலில் ஐயுற்றார், பிறகு கேள்விகளால் துளைத்தார், இறுதியில் குருவாக ஏற்றார்.

1898 ஜனவரி 28 அன்று கப்பல் கல்கத்தாவை அடைந்தபோது சுவாமிஜி துறைமுகத்தில் காத்திருந்தார். மார்கரெட்டுக்கு அப்போது வயது முப்பது.

நிவேதிதையின் வாழ்க்கையை எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து அவரது சொற்பொழிவுகளுக்கும் நூல்களுக்கும் தேசியப் பணிக்கும் விரைந்து சென்றுவிடுகின்றனர். அவையெல்லாம் பெரியவையே. ஆயினும் அவை நிகழ வேண்டுமானால் முதலில் வேறொன்று நிகழ வேண்டியிருந்தது. ஒரு வைதிகத் தெருவில் ஓர் அயல்நாட்டுப் பெண்ணுக்கு உண்ணவும் உறங்கவும் இடம் கிடைக்க வேண்டும். அவர் கையால் ஒரு குவளை நீரை வாங்கிக் குடிக்க ஒருவர் வேண்டும். கல்விப் பணியின் வெற்றி தோல்வி வகுப்பறைக்கு முன்பே சமையலறையில்தான் தீர்மானிக்கப்பட இருந்தது.

முதல் கதவைத் திறந்தவர் அன்னை ஸ்ரீ சாரதாதேவியார். 1898 மார்ச் 17 அன்று, திருமதி சாரா புல், குமாரி ஜோசபின் மெக்லவுட் ஆகிய இரு அமெரிக்கப் பெண்மணிகளுடன் மார்கரெட் அன்னையைத் தரிசிக்கச் சென்றார். அன்னை கிராமத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், கணவரை இழந்தவர். வங்காளத்தில் பிராமண விதவைகளுக்கு இருந்த உணவுக் கட்டுப்பாடுகளின் கடுமை யாவரும் அறிந்ததே. விதி மீறப்பட்டது என்ற செய்தி பரவினால் அன்னையோடு, ஊரில் உள்ள அவரது உறவினர்களும் சமூக விலக்குக்கு ஆளாக நேரும். அப்படிப்பட்ட அன்னை அன்று அந்த மூன்று பெண்மணிகளோடும் அமர்ந்து உணவருந்தினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது; அவர்களுக்கு வங்கமொழி தெரியாது. சுவாமிஜிக்கே இது வியப்பை அளித்தது. சென்னையில் இருந்த சகோதரத் துறவி சுவாமி ராமகிருஷ்ணானந்தருக்கு எழுதிய கடிதத்தில் இந்நிகழ்ச்சியை அவர் மகிழ்ச்சி பொங்கக் குறிப்பிட்டார். மார்கரெட் அந்த நாளைத் தமது நாட்களுள் தலைசிறந்ததாகக் குறித்து வைத்தார்.

எட்டு நாட்கள் கழித்து, மார்ச் 25 அன்று, பேலூரில் நீலாம்பர் முகர்ஜியின் தோட்ட வீட்டில் சுவாமிஜி அவருக்குப் பிரம்மசரிய தீட்சை அளித்து நிவேதிதை என்று பெயரிட்டார். அர்ப்பணிக்கப்பட்டவள் என்பது பொருள்.

பெயர் மாறுவது ஒரு கணத்தில் நிகழ்ந்துவிடுகிறது. பழக்கம் மாறுவது அப்படியன்று. எண்ணங்கள், தேவைகள், பழக்கங்கள் எல்லாவற்றையும் இந்து முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது சுவாமிஜியின் கட்டளை. தரையில் அமர்வதையும் கையால் உண்பதையும் விரைவில் கற்றுக்கொள்ளலாம். எண்ணங்களை என்ன செய்வது? அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அல்மோராவில் தங்கியிருந்தபோது குருவுக்கும் சிஷ்யைக்கும் இடையே கடுமையான மோதல்கள் எழுந்தன. ஆங்கிலக் கொடியின் மீது நிவேதிதை கொண்டிருந்த பற்று சுவாமிஜியைத் திகைக்க வைத்தது. தாம் உயர்வென்று கருதிய ஒவ்வொன்றும் தாக்கப்படுவதாக நிவேதிதை உணர்ந்தார். உள்ளம் நொந்து தவித்தார். ஆனால் திரும்பிப் போகும் எண்ணம் அவருக்கு எழவில்லை.

காஷ்மீர், அமர்நாத் யாத்திரைகளுக்குப் பின் நவம்பர் தொடக்கத்தில் கல்கத்தா திரும்பிய நிவேதிதை நேராக அன்னையின் இல்லத்திற்குச் சென்று விருந்தினராகத் தங்கினார். வாசலை ஒட்டிய ஓர் அறை அவருக்கு அளிக்கப்பட்டது. உள்ளே அன்னையும் வயது முதிர்ந்த சில பெண்மணிகளும் ஆசாரத்தோடு வாழ்ந்து வந்தனர். தம்முடைய வருகை அந்த வீட்டாருக்கு எத்தகைய சங்கடத்தை விளைவித்தது என்பது நிவேதிதைக்கு அப்போது புரியவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பின்னாளில் உண்மை விளங்கியபோது, இது முன்பே தெரிந்திருந்தால் எக்காரணம் கொண்டும் அங்கு நுழைந்திருக்க மாட்டேன் என்ற பொருள்பட எழுதினார். ஏறத்தாழ பத்து நாட்களில் அவர் அருகிலேயே, பாக்பஜார் போஸ்பாடா சந்தில் 16-ஆம் எண் வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். நவம்பர் 13, காளி பூஜையன்று அன்னை அங்கு வந்து பூஜை செய்து பெண்கள் பள்ளியைத் தொடங்கி வைத்தார்.

புது வீட்டில் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாக இருந்தது. மிலேச்சப் பெண்ணின் வீட்டில் யார் வேலை செய்வார்கள்? இறுதியில் ஒரு கிழவி வந்தாள். அவள் விதித்த நிபந்தனைகள் தெளிவானவை. எஜமானி சமையலறையில் காலடி வைக்கக் கூடாது. அடுப்பையும் தண்ணீரையும் தொடக் கூடாது. வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் நிவேதிதை. ஆனால் அந்த வீட்டின் ஒரு பகுதி அவருக்கு விலக்கப்பட்டது. அவர் மறுப்பின்றி ஒப்புக்கொண்டார். கிழவி அவரை அம்மா என்று அழைப்பாள். அவளது வயதில் பாதியும் நிரம்பாத நிவேதிதை அவளை, மகள் என்று பொருள்படும் ஜீ என்ற சொல்லால் அழைப்பார். வங்காள இல்லங்களின் வழக்கம் அது.

ஒரு நாள் தேநீருக்குக் கெண்டியிலிருந்து வெந்நீர் ஊற்றும்படி நிவேதிதை சொன்னார். கிழவி முணுமுணுத்தபடி முற்றத்துப் பக்கம் மறைந்தாள். சற்று நேரத்தில் தலை முதல் கால் வரை தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்று வெந்நீரை ஊற்றினாள். ஐரோப்பியர் வேறு யாராக இருந்தாலும் இதைக் கண்டு சிரித்திருப்பார், அல்லது தம்மை அவமதித்ததாகச் சினந்திருப்பார். நிவேதிதை அதன் உட்பொருளைக் கண்டார். பிறர் அருந்தப்போகும் ஒன்றைத் தொடுவதற்கு முன் தான் நீராடித் தூய்மையாக வேண்டும் என்று அவள் கருதியிருக்கிறாள். மடி என்ற ஒரு சொல் போதும், நம் வாசகர்களுக்கு இது விளங்கிவிடும். கல்பாத்தி அக்கிரகாரத்துப் பாட்டிமார்களை அறிந்தவர்கள் இதில் விசித்திரம் எதையும் காண மாட்டார்கள். அயர்லாந்தில் பிறந்த ஒரு பெண், யாரும் விளக்கிச் சொல்லாமல் இதனைப் புரிந்துகொண்டதுதான் விசித்திரம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மடியைப் புரிந்துகொள்வது வேறு, தீட்டை நியாயப்படுத்துவது வேறு. நிவேதிதையின் நூல்களைப் படிக்கும்போது, இந்திய இல்லறத்தின் அழகில் மயங்கி அதன் கொடுமைகளை அவர் சில இடங்களில் மென்மையாகக் கடந்து செல்கிறார் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் சுவாமிஜி அவரை அந்த மயக்கத்திலேயே விட்டுவைக்கவில்லை. ஒருபுறம் அவரை ஆசாரமான பிரம்மசாரிணியாக வாழச் சொன்ன அவரே, மறுபுறம் நிவேதிதையின் கையால் உணவு தயாரிக்கச் சொல்லித் தாமும் உண்டு, உடனிருந்தவர்களையும் உண்ணச் செய்வார். ஆசாரத்தை ஏற்க வேண்டியவர் நிவேதிதை. தீட்டை விட வேண்டியவர்கள் நாம்.

அக்கம்பக்கத்தாரும் மெல்ல அசைந்து கொடுத்தனர். சமையலுக்கு வழியில்லாத அந்த வீட்டிற்கு அண்டை இல்லங்களிலிருந்து உணவு வரத் தொடங்கியது. விருந்தினர் வந்திருப்பது தெரிந்தால் அவர்களுக்கும் சேர்த்து வரும். வெயில் காலத்தில் அந்தச் சிறிய வீடு உலையாகக் கொதித்தது. இரவில் தம் இல்லத்திற்கே வந்து உறங்குமாறு அன்னை கட்டளையிட்டார். இம்முறை வாசல் பக்கத்துத் தனி அறை இல்லை. பளபளக்கும் சிவந்த தரையில் வரிசையாகப் பாய்கள், ஒவ்வொரு பாய்க்கும் ஒரு தலையணை, ஒரு கொசுவலை. அந்த வரிசையில் நிவேதிதைக்கும் ஒரு பாய். அன்னை அவரைச் சிறுமி என்று பொருள்பட கூக்கி என்று அழைப்பார். இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஒருவரையொருவர் நோக்கும் புகைப்படத்தை நம் வாசகர்கள் பலர் தம் பூஜை அறையிலேயே வைத்திருப்பார்கள்.

1899-இல் கல்கத்தாவைப் பிளேக் தாக்கியது. ராமகிருஷ்ண மிஷனின் நிவாரணப் பணிக்கு நிவேதிதை செயலாளர். சுவாமி சதானந்தர் களத்தில் தலைமை தாங்கினார். ஆட்கள் போதாதபோது நிவேதிதை தாமே துடைப்பத்தை எடுத்துத் தெருவைப் பெருக்கினார். பாக்பஜாரின் குடிசை ஒன்றில், தாயை இழந்து பிளேக்கால் வாடிய குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு அவர் அமர்ந்திருந்ததை மருத்துவர் ஆர். ஜி. கர் நேரில் கண்டு பதிவு செய்துள்ளார். அந்தக் குழந்தை அவரையே தாயென்று எண்ணி உயிர் நீத்தது. ஓராண்டுக்கு முன்வரை அத்தெரு எவருடைய நிழலைத் தவிர்த்ததோ, அவருடைய மடி அது.

பள்ளிக்கு நிதி திரட்ட 1899 ஜூனில் மேல்நாடு சென்ற நிவேதிதை 1902 தொடக்கத்தில் திரும்பினார். அந்த ஆண்டு ஜூலை 2, புதன்கிழமை, பேலூர் மடத்திற்குச் சென்றார். அன்று ஏகாதசி; சுவாமிஜி உபவாசம் இருந்தார். ஆயினும் சிஷ்யைக்குத் தாமே உணவு பரிமாறினார். வேகவைத்த பலாக்கொட்டை, வேகவைத்த உருளைக்கிழங்கு, வெறும் சோறு, பனிக்கட்டியால் குளிர்வித்த பால். ஒவ்வொன்றைப் பற்றியும் வேடிக்கையாகப் பேசியபடி பரிமாறினார். உண்டு முடிந்ததும் அவரது கைகளில் நீர் ஊற்றிக் கழுவி, துண்டால் துடைத்துவிட்டார். இதைச் சிஷ்யையாகிய நான் உங்களுக்கல்லவா செய்ய வேண்டும் என்று நிவேதிதை பதறினார். ஏசுபிரான் தம் சீடர்களின் கால்களையே கழுவினாரே என்றார் சுவாமிஜி. அது இறுதி நேரத்தில் அல்லவா என்ற சொல் நிவேதிதையின் உதடுவரை வந்து நின்றுவிட்டது. இரண்டே நாட்களில், ஜூலை 4 அன்று, சுவாமிஜி மகாசமாதி அடைந்தார்.

தேசிய இயக்கத்தில் ஈடுபடுவது மடத்திற்கு இடையூறாகக் கூடாது என்பதால் அதே மாதம் நிவேதிதை சங்கத்தின் நிர்வாகத் தொடர்பிலிருந்து விலகிக்கொண்டார். அன்பில் விலகல் இல்லை. டிசம்பரில் சென்னைக்கு வந்து உரைகள் நிகழ்த்தினார். பின்னர் அவரைச் சந்தித்த மகாகவி பாரதியார் அவரைக் குருமணியாகவே ஏற்று, 1908-இல் வெளிவந்த ஸ்வதேச கீதங்களையும் 1909-இல் வெளிவந்த ஜன்ம பூமியையும் அவருக்கே சமர்ப்பித்தார். 1906-இல் கிழக்கு வங்கத்தின் வெள்ள, பஞ்சப் பகுதிகளில் அலைந்து திரும்பிய நிவேதிதையை மலேரியா பற்றியது. உடல் பின்னர் முழுமையாகத் தேறவே இல்லை. 1911 அக்டோபர் 13 அன்று டார்ஜிலிங்கில் அவரது வாழ்வு நிறைவுற்றது. நாற்பத்து நான்காம் பிறந்தநாளுக்கு இன்னும் பதினைந்து நாட்கள் இருந்தன.

போஸ்பாடா சந்து வீட்டைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. ஸ்ரீராமகிருஷ்ணரைக் குழந்தைக் கோபாலனாகவே கண்டு வழிபட்ட கோபாலேர் மா என்ற மூதாட்டியை நாம் அறிவோம். இளவயதிலேயே கணவரை இழந்த பிராமணப் பெண், ஆசாரத்தில் நெருப்பு. காமார்ஹாட்டியில் கங்கைக்கரை அறையொன்றில் தனியே தவ வாழ்வு வாழ்ந்தவர். 1898-இல் தம்மைக் காண வந்த மேல்நாட்டுப் பெண்களை முகவாயைத் தொட்டு முத்தமிட்டு வரவேற்று, பொரியும் தேங்காய் இனிப்பும் அளித்தவர். முதுமையில் தனித்து வாழ இயலாமற் போனபோது அவர் வந்து தங்கியது நிவேதிதையின் வீட்டில்தான். அவருக்குச் சமைக்கப் பிராமணப் பெண் ஒருத்தி அமர்த்தப்பட்டாள். நிவேதிதை அவரைத் தம் தாயினும் மேலாகப் பேணினார். 1906 ஜூலை 8 அன்று அவர் கங்கைக்கரையில் உயிர் நீத்தார். அதற்கு முன் அவரைக் கங்கைக்குக் கொண்டுசென்றபோது, நிவேதிதை தம் கைகளாலேயே படுக்கையை மலர்களால் அலங்கரித்து, நாமசங்கீர்த்தனம் பாடிச் சென்றவர்களுடன் கண்ணீர் வழிய வெறுங்காலுடன் நடந்து சென்றார்.