கையெழுத்து திரட்டி நீதிபதியான பெண்மணி

நம் நாட்டில் நீதிபதிகள் நியமிக்கப்படுகிறார்கள். அமெரிக்காவிலோ, பல மாகாணங்களில் நீதிபதி பதவிக்கும் தேர்தல் உண்டு. சட்டசபைக்கு நிற்பவரைப் போலவே மனு தாக்கல் செய்து, ஊர் ஊராகச் சென்று ஓட்டு கேட்டு, ஜெயித்தால்தான் நீதிபதி ஆசனத்தில் அமர முடியும்.

அப்படி ஒரு தேர்தலில், கட்சிகளின் வாசல் அடைபட்டுக் கிடந்த நேரத்தில், பொதுமக்களின் கையெழுத்தை மட்டுமே நம்பிக் களத்தில் இறங்கினார் ஒரு பெண்மணி. அவர்தான் புளோரன்ஸ் ஆலன் அம்மையார்.

பியானோவை விட்டார்

1884-ம் ஆண்டு மார்ச்சு 23-ந் தேதி, யூட்டா பிரதேசத்தின் சால்ட் லேக் நகரில் புளோரன்ஸ் பிறந்தார். தந்தை கிளாரன்ஸ் ஆலன் பெரிய படிப்பாளி. கிரேக்கமும் லத்தீனும் மகளுக்கு அவரே கற்றுக் கொடுத்தார். யூட்டா தனி மாகாணமானதும் அங்கிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்குச் சென்ற முதல் பிரதிநிதியும் அவரே.

புளோரன்சின் ஆசையெல்லாம் சங்கீதத்தில் இருந்தது. 1904-ல் கிளீவ்லாந்து நகரில் பட்டம் பெற்றதும், பியானோ கற்க ஜெர்மனியின் பெர்லின் நகருக்குச் சென்றார். ஆனால் நரம்புக் கோளாறு குறுக்கிட்டது. மேடைக் கச்சேரிக் கனவு கலைந்தது. 1906-ல் கிளீவ்லாந்துக்குத் திரும்பி, ஒரு தினசரியில் சங்கீத விமர்சனம் எழுதிப் பிழைத்தார்.

அப்போதுதான் சட்டத்தின் பக்கம் அவர் மனம் திரும்பியது. உள்ளூர்ச் சட்டக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் இல்லை. எனவே சிகாகோவுக்குப் போனார். பிறகு நியூயார்க்குக்குப் போனார். 1913-ல் சட்டப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு ஒஹையோ மாகாணத்தில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார்.

பெண்களுக்கு ஓட்டு

அந்நாளில் ஒஹையோவில் பெண்களுக்கு ஓட்டு இல்லை. அதற்காக நடந்த கிளர்ச்சியில் புளோரன்ஸ் முன்னணியில் நின்றார். 1912-ல் மாகாணத்தின் 88 ஜில்லாக்களையும் சுற்றிப் பேசினார். அந்த முறை தோல்விதான். ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை.

கிழக்கு கிளீவ்லாந்து என்ற சிறு நகரம், நகரசபைத் தேர்தலில் பெண்களும் ஓட்டுப் போடலாம் என்று 1916-ல் விதி செய்தது. அது செல்லுமா, செல்லாதா என்ற வழக்கு மாகாண சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. புளோரன்ஸ் அங்கே வாதாடி வெற்றி பெற்றார். வாதாடிய அதே கோர்ட்டில் ஆறே ஆண்டுகளில் தாமே நீதிபதியாக அமரப் போகிறோம் என்று அன்று அவர் எண்ணியிருப்பாரா!

மனு தாக்கல்

ஒஹையோ சட்டப்படி, ஓட்டுரிமை உள்ளவர்தான் தேர்தலில் நிற்க முடியும். 1920-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி, அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை சட்டமாயிற்று. குயஹோகா ஜில்லா கோர்ட்டு நீதிபதி பதவிகளுக்கு நவம்பரில் தேர்தல். நின்று பார்ப்பது என்று அம்மையார் துணிந்தார்.

ஆனால் ஒரு சிக்கல். நீதிபதி பதவிக்கு அபேட்சகராக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் ஜெயித்து வருவது. அது அந்த ஆண்டு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது! பெண்களுக்கு ஓட்டு வந்தபோது கட்சி வாசல் மூடிவிட்டது.

மற்றொரு வழி, கையெழுத்து மனு. சட்டம் குறிப்பிடும் எண்ணிக்கையில் வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கி, கெடு முடிவதற்குள் தேர்தல் அதிகாரிகளிடம் கொடுக்கவேண்டும். கையெழுத்து குறைந்தால் ஓட்டுச் சீட்டில் பெயர் ஏறாது.

நாட்களோ குறைவு. ஓட்டுரிமைக் கிளர்ச்சியில் உடன் உழைத்த பெண்கள் மனுத்தாள்களோடு வீதியில் இறங்கினார்கள். வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கெடுவுக்குள் கையெழுத்துகள் குவிந்தன. மனு ஏற்கப்பட்டது.

அந்நாளில் அந்த மாகாணத்தில் நீதிபதிகளுக்கான ஓட்டுச் சீட்டில் கட்சியின் பெயர் இருக்கவில்லை. ஆளின் பெயர் மட்டுமே இருந்தது. பெயரை மக்கள் அறிந்திருந்தால்தான் ஓட்டு. புளோரன்சின் பெயரை மக்கள் அறிந்திருந்தார்கள். போட்டியிட்டவர்களில் அவருக்கே அதிக ஓட்டுகள் விழுந்தன!

விவாகரத்து மட்டும்தானா?

பதவி ஏற்றதும் அடுத்த சோதனை வந்தது. விவாகரத்து வழக்குகளுக்கென்று தனிப் பிரிவு அமைத்து, அதை அம்மையாரிடம் தள்ளிவிடலாம் என்று சக நீதிபதிகள் யோசனை சொன்னார்கள். அம்மையார் மறுத்தார். தாம் மணமாகாதவர் என்றும், மணமான அவர்களுக்கே அந்த விஷயத்தில் அனுபவம் அதிகம் என்றும் சொல்லி அவர்கள் வாயை அடைத்தார்.

பிறகு எல்லா வகை வழக்குகளும் அவரிடம் வந்தன. 1921-ல், பொய்ச் சாட்சி சொன்ன குற்றத்துக்காக, கிளீவ்லாந்து நகர் கோர்ட்டின் தலைமை நீதிபதிக்கே தண்டனை விதித்தார். அதே ஆண்டில் ஒரு கொலை வழக்கில் மரண தண்டனையும் விதித்தார். மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவர் அசையவில்லை.

சுப்ரீம் கோர்ட்டில்

1922-ல் ஒஹையோ சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பதவிக்கு நின்றார். இம்முறையும் கட்சியை நாடவில்லை; கையெழுத்து மனுவேதான். அவர் பெயரால் ஊர்தோறும் சங்கங்கள் தோன்றி வேலை செய்தன. வெற்றி! அமெரிக்காவில் ஒரு மாகாண சுப்ரீம் கோர்ட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவரே. 1928-ல் மீண்டும் பெருவாரியான ஓட்டுகளில் ஜெயித்தார்.

இடையில் 1926-ல் அமெரிக்க செனட் சபைக்கு ஜனநாயகக் கட்சியின் அபேட்சகராவதற்கான பூர்வாங்கத் தேர்தலிலும், 1932-ல் அக்கட்சியின் பேரால் பிரதிநிதிகள் சபைக்கும் போட்டியிட்டார். இரண்டிலும் தோல்வி! கட்சிக் கொடி பிடித்தபோது கைகொடுக்காத மக்கள், நீதிபதியாக நின்ற மூன்று முறையும் அவரைக் கைவிடவில்லை.

1934-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரை மத்திய அப்பீல் கோர்ட்டு நீதிபதியாக நியமித்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் அவரே. டென்னஸி நதி அணை, மின்சாரத் திட்டத்தை எதிர்த்துத் தனியார் மின்சாரக் கம்பெனிகள் தொடுத்த பெரிய வழக்கை விசாரித்த மூவரில் அவரும் ஒருவர். 1938-ல் திட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு அவர் பெயர் பலமுறை அடிபட்டது. ஆனால் அழைப்பு வரவில்லை. அந்தப் பதவி மக்கள் கையெழுத்தால் கிடைப்பதல்ல. ஜனாதிபதியின் கையெழுத்து வேண்டும்! 1966-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி, 82-வது வயதில் அம்மையார் காலமானார். அந்தக் கோர்ட்டில் ஒரு பெண் நீதிபதியாக அமர 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மேலே உள்ளவர்கள் கதவைத் திறக்க எத்தனையோ ஆண்டுகள் ஆயின. 1920-ல் கிளீவ்லாந்து வீதிகளில் மனுத்தாளை வாங்கிக் கையெழுத்திட்ட சாதாரண மக்களுக்கோ, அதற்குச் சில நாட்களே போதுமானதாக இருந்தது.