அடோல்ஃப் விண்டவுஸ்

அடோல்ஃப் ஓட்டோ ரைன்ஹோல்ட் விண்டவுஸ் (டிசம்பர் 25, 1876 – ஜூன் 9, 1959) ஒரு செருமானிய வேதியியலாளர் ஆவார். கொலஸ்டிரால் உள்ளிட்ட ஸ்டீரால்களின் அமைப்பையும், அவற்றுக்கும் உயிர்ச்சத்துக்களுக்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ந்தமைக்காக 1928 ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். கொலஸ்டிரால், சூரிய ஒளி, தோல் ஆகிய மூன்றுக்கும் இடையேயான தொடர்பு குறித்த இன்றைய அறிவுக்கு இவரது ஆய்வுகள் அடிப்படையாக அமைந்தன.

இளமையும் கல்வியும்

விண்டவுஸ் பெர்லின் நகரில் துணி வணிகக் குடும்பமொன்றில் பிறந்தார். அந்நகரின் பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். 1895 இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். எமில் ஃபிஷரின் விரிவுரைகளைக் கேட்டபின் வேதியியலில் ஆர்வம் கொண்டார். பின்னர் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஹைன்ரிக் கிலியானியின் மாணவரானார். இதயத்தைத் தாக்கும் டிஜிட்டாலிஸ் தாவர நஞ்சுகளை ஆராய்ந்து 1899 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1913 இல் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1915 இல் ஓட்டோ வாலாக்கைத் தொடர்ந்து கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்று, 1944 இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். 1915 இல் எலிசபெத் ரெசாவ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

கொலஸ்டிரால் ஆய்வு

கிலியானியின் தூண்டுதலால் 1901 அளவில் விண்டவுஸ் கொலஸ்டிரால் ஆய்வைத் தொடங்கினார். அக்காலத்தில் அது பித்தக்கற்களில் காணப்படும் ஒரு பொருளாகவே பெரிதும் அறியப்பட்டிருந்தது. டிஜிட்டோனின் என்னும் தாவரப் பொருள் கொலஸ்டிராலுடன் சேர்ந்து வீழ்படிவாகும் என்பதை இவர் கண்டறிந்தார். இதனால் கொலஸ்டிராலை அளவிடுவது எளிதாயிற்று. 1910 இல், தடிப்பேறிய பெருந்தமனிகளில் இயல்பான தமனியைவிடப் பன்மடங்கு கொலஸ்டிரால் உள்ளதெனக் காட்டினார். இரத்தக்குழாய் நோயுடன் கொலஸ்டிராலைத் தொடர்புபடுத்திய தொடக்ககால வேதியியல் சான்றுகளுள் இதுவும் ஒன்றாகும். 1919 இல் கொலஸ்டிராலுக்கும் பித்த அமிலங்களுக்கும் உள்ள உறவை நிறுவினார்.

நோபல் பரிசு பெற்ற காலத்தில் இவரும் ஹைன்ரிக் வீலாண்டும் முன்வைத்திருந்த கொலஸ்டிரால் கட்டமைப்பு பிழையானது. 1932 இல், பெர்னாலின் எக்சு-கதிர் ஆய்வைத் தொடர்ந்து, சரியான கட்டமைப்பு அறியப்பட்டது.

உயிர்ச்சத்து டி

குழந்தைகளின் எலும்புகள் வலுவிழந்து வளையும் ரிக்கெட்ஸ் நோய் அக்காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் பரவலாக இருந்தது. சூரிய ஒளியும் மீன் எண்ணெயும் அந்நோயைக் குணப்படுத்தின. புறஊதாக் கதிர் பட்ட கொலஸ்டிராலும் குணப்படுத்தியது. 1925 இல் நியூயார்க் மருத்துவர் ஆல்ஃபிரட் ஹெஸ் இவ்வாய்வில் இணையுமாறு விண்டவுஸை அழைத்தார். கொலஸ்டிராலை நன்கு தூய்மைப்படுத்தியதும் அதன் குணப்படுத்தும் ஆற்றல் மறைந்தது. ஆகவே, அதில் கலந்திருந்த வேறொரு பொருளே காரணம் என்பது புலனாயிற்று. இயற்பியலாளர் ராபர்ட் போல் ஒளி உறிஞ்சலை அளந்து உதவினார். ஈஸ்ட்டிலுள்ள எர்கோஸ்டிராலிலிருந்து உயிர்ச்சத்து டி உருவாவது 1927 இல் உறுதியாயிற்று.

1930களின் நடுப்பகுதியில் விண்டவுஸ் குழுவினர் 7-டீஹைட்ரோகொலஸ்டிராலை உருவாக்கி, அதிலிருந்து உயிர்ச்சத்து டி3 ஐப் பெற்றனர். பின்னர் அப்பொருள் பன்றியின் தோலிலும் இருப்பதைக் கண்டனர். வெயில் படும் தோலே ஒரு மருந்துச்சாலையாக இயங்குவது இவ்வாறு விளங்கிற்று.

தோல் புற்றுநோயுடன் தொடர்பு

விண்டவுஸ் நோபல் பரிசு பெற்ற அதே 1928 இல், புறஊதாக் கதிர் எலிகளின் தோலில் புற்றுநோயை உண்டாக்குவதை ஜி. எம். ஃபின்ட்லே காட்டினார். தோலில் உயிர்ச்சத்து டி உருவாகக் காரணமான புறஊதா-பி கதிர்களே டி.என்.ஏ.யையும் சிதைக்கின்றன. வெயிலில் நெடுநேரம் இருந்தாலும் உயிர்ச்சத்து தொடர்ந்து பெருகுவதில்லை. மிகுதியாக உருவாகும் முன்பொருள், பயனற்ற வேறு பொருள்களாக மாறிவிடுகிறது. ஆனால் டி.என்.ஏ.க்கு ஏற்படும் சேதமோ கூடிக்கொண்டே செல்கிறது.

1933 இல் பித்த அமிலத்திலிருந்து மெத்தில்கொலாந்திரீன் என்னும் பொருள் ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்டது. அதைப் பூசிய எலிகளின் தோலில் புற்றுநோய் தோன்றியது. இதனால் உடலிலுள்ள கொலஸ்டிராலே புற்றுநோய்ப் பொருளாக மாறக்கூடுமோ என்ற ஐயம் எழுந்தது. உடலினுள் அத்தகைய மாற்றம் நிகழ்வதாக மெய்ப்பிக்கப்படவில்லை. இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுவது தோல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் இதுவரை நிறுவப்படவில்லை. 7-டீஹைட்ரோகொலஸ்டிராலைத் தோல் தானே உருவாக்கிக்கொள்கிறது. எனவே அதனை இரத்தக் கொலஸ்டிரால் அளவுடன் குழப்பிக்கொள்ளலாகாது.

கொள்கைகளும் இறுதிக்காலமும்

முதலாம் உலகப் போரின்போது நச்சுவாயு ஆய்வில் ஈடுபட விண்டவுஸ் மறுத்தார். நாட்சி ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்த மிகச் சில செருமானிய வேதியியலாளர்களுள் இவரும் ஒருவர். தம்மிடம் பயின்ற யூத மாணவர் ஒருவர் வெளியேற்றப்படாமல் காத்தார். 1938 அளவில் ஆய்வுப் பணியை நிறுத்திக்கொண்டார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அடோல்ஃப் புட்டெனாண்ட் இவரது மாணவராவார். விண்டவுஸ் 1959 இல் கோட்டிங்கனில், தமது 82 ஆவது வயதில் காலமானார்.