நிரல் வகுத்த கவிஞர் எர்ஷோவ்

சொற்சிக்கனம் கவிஞனுக்கு இன்றியமையாதது. நூலுக்குரிய பத்து அழகுகளை எண்ணிய நன்னூலார், சுருக்கத்தையே அவற்றின் முதலில் வைத்தார். கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரலிலும் அச்சிக்கனத்தைத் தேடி, அதனையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் ருஷ்ய அறிஞர் அந்திரேய் பெத்ரோவிச் எர்ஷோவ். அவர் கவிஞரும் ஆவார்.

எர்ஷோவ் 1931 ஏப்ரல் 19ஆம் நாள் மாஸ்கோவில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது உக்ரேனில், ஜெர்மானியப் படை கைப்பற்றிய பகுதியில் அவர் வாழ நேர்ந்தது. பின்னர் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயிலப் புகுந்தபோது, பகைவர் ஆண்ட மண்ணில் வாழ்ந்தமையே தடையாயிற்று. கணிதத்துறைக்கு மாறிய அவர் லியாபுனோவ் என்னும் பேரறிஞரின் மாணவராகி, 1954இல் பட்டம் பெற்றார். சிறுவயதில் நேர்ந்த இடர், அப்போதுதான் முளைவிட்டிருந்த நிரலாக்கத் துறைக்கு அவரைக் கொணர்ந்து சேர்த்தது.

அந்நாளில் கணிப்பொறிக்குரிய கட்டளைகளை எண்களாகவே கையால் எழுத வேண்டியிருந்தது. மனிதர் எழுதும் சூத்திரங்களைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தரும் நிரலே கம்பைலர் எனப்படும் தொகுப்பியாகும். பெஸ்ம் என்னும் பொறிக்கு இத்தகைய நிரல் அமைத்ததைப் பற்றி எர்ஷோவ் எழுதிய நூல் 1958இல் வெளிவந்தது. மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது.

எனினும், பொறி எழுதும் நிரல் தேர்ந்த மனிதர் எழுதுவதுபோல் செறிவாக அமையுமா என்னும் ஐயம் பலருக்கு இருந்தது. எம்-20 என்னும் பொறியின் நினைவகத்தில் இருந்தவை 4096 இடங்களே. அங்கே வீண்சொல்லுக்கு இடமில்லை. இவ்வையத்தைப் போக்குவதே எர்ஷோவின் பெரும்பணியாயிற்று. ஒரே கோவை இருமுறை வந்தால் ஒருமுறை மட்டுமே கணித்து, அவ்விடையையே மீண்டும் பயன்படுத்தும் வழியை 1958இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

இதனினும் நுட்பமானது நினைவகப் பங்கீடு. சத்திரத்து அறையில் ஒருவர் புறப்பட்டபின் மற்றொருவர் தங்கலாம். இருவரும் ஒரே பொழுதில் தங்க நேர்ந்தால் இரண்டு அறைகள் வேண்டும். கணக்கின் இடையே தோன்றும் மதிப்புகளும் அத்தகையனவே. எர்ஷோவ் ஒவ்வொரு மதிப்பையும் ஒரு புள்ளியாகக் கொண்டார். ஒரே பொழுதில் தேவைப்படும் மதிப்புகளைக் கோட்டால் இணைத்தார். இணைந்த புள்ளிகள் வெவ்வேறு நிறம் பெறுமாறு வண்ணம் தீட்டினால், நிறங்களின் எண்ணிக்கையே வேண்டிய இடங்களின் எண்ணிக்கையாகும். 1960களின் தொடக்கத்தில் பிறந்த இக்கருத்து, 1981இல் அமெரிக்காவில் சைட்டினும் அவர்தம் குழுவினரும் பொறியின் பதிவகங்களைப் பங்கிடச் செய்த ஆய்வில் புதுவாழ்வு பெற்றது.

சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் அருகே எழுந்த அறிவியல் நகரே அவருடைய களம். அங்கு அவர் தலைமையில் உருவான ஆல்ஃபா தொகுப்பி 1964இல் நிறைவுற்றது. நோவோசிபிர்ஸ்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் விளங்கி ஒரு மாணவப் பரம்பரையை உருவாக்கினார். கிப்ளிங் முதலிய ஆங்கிலக் கவிஞர்களை ருஷ்ய மொழியில் பெயர்த்ததும், சொந்தமாகக் கவிதை புனைந்ததும், கிதார் இசைத்துப் பாடியதும் இவ்வுழைப்பின் நடுவேதான்.

1972இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நிரலாக்கத்தின் அழகியலைப் பற்றி அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. கணித அறிஞரின் தருக்கமும் கதாசிரியரின் கற்பனையும் ஒருங்கே வேண்டும் பணி அது என்று எடுத்துரைத்தார். பொறியாளர் கூடிய அவையில், நிரல் எழுதுவோரின் உள்ளத்தையும் அவர்தம் உவகையையும் பேசுபொருளாக்கிய துணிவு அவருடையது.

1981இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், நிரலாக்கம் மனித குலத்தின் இரண்டாம் எழுத்தறிவு என்னும் கருத்தை முன்வைத்தார். 1985இல் சோவியத் பள்ளிகளில் கணிப்பொறியியல் பாடமாயிற்று. பாடநூலைப் பதிப்பித்தவர்களுள் எர்ஷோவும் ஒருவர். பல பள்ளிகளில் கணிப்பொறியே இல்லை. ஆயினும் பாடம் நிற்கவில்லை. மாணவர்கள் ஏட்டிலும் கரும்பலகையிலும் நிரல் எழுதிப் பழகினர். பொறி வரும்வரை எழுத்தறிவு காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு அவ்வகுப்பறைகள் சான்றாயின.

1988 டிசம்பர் 8ஆம் நாள் எர்ஷோவ் மறைந்தார். அகவை 57. நோவோசிபிர்ஸ்கில் உள்ள கணிப்பொறியியல் ஆய்வு நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பேணிவைத்த கடிதங்களும் குறிப்புகளும் பிற்காலத்தில் கணிப்பொறியிலேயே ஏற்றப்பட்டன. பொறியின் நினைவகத்தில் ஓரிடமும் வீணாகாது காத்தவர், மனித நினைவுக்குரிய தாள்களையும் வீணாகாது காத்துச் சென்றார்.