எழுதுகோலால் வழக்காடிய தாய்

1808இல் இலண்டனில் பிறந்த எழுத்தாளர் கரோலின் நோர்ட்டன், 1827இல் சட்டத்தரணி ஜோர்ஜ் நோர்ட்டனை மணந்தார். அடியும் ஏச்சுமாய்க் கழிந்த இல்வாழ்வு 1836இல் முறிந்தது. கணவர் மூன்று ஆண்மக்களையும் கொண்டுபோனார். பிரதமர் மெல்பர்னுடன் மனைவியைத் தொடர்புபடுத்தி வழக்கும் தொடர்ந்தார். ஜூரிகள் அதைத் தள்ளினர். ஆயினும் அன்றைய ஆங்கிலச் சட்டப்படி பிள்ளைகளும், கரோலின் எழுதிச் சம்பாதித்த பணமும் கணவருக்கே உரியன.

கணவருக்கு எழுதிய கடிதங்கள் பயன்தராதபோது, கரோலின் பாராளுமன்றத்தை நோக்கி எழுதினார். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு தாய்மார் நீதிமன்றில் கோர, 1839இல் சட்டம் வழிசெய்தது. அவருடைய பிள்ளைகளோ ஸ்கொட்லாந்தில் இருந்தனர். அச்சட்டம் அங்கே செல்லாது. 1842இல் குதிரையிலிருந்து விழுந்த இளைய மகன் வில்லியம், தாய் வந்து சேருமுன் இறந்தான். அதன்பின்னரே மற்ற இருவரும் தாயுடன் தங்கக் கணவர் இணங்கினார்.

1877இல் கரோலின் மறைந்தார். அவர் கேட்டு வாங்கிய உரிமை பிற தாய்மாருக்கு எஞ்சியது.