உலகம் மறந்த ஆசிரியர் ஓம்

ஜெர்மனியில் எர்லாங்கன் என்று ஓர் ஊர். அங்கே பூட்டுத் தொழிலாளி ஒருவர் வாழ்ந்தார். அவர் தாமாகவே கணிதம் கற்றவர். கற்றதைத் தம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் ஜார்ஜ் சைமன் ஓம். 1789-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி பிறந்தார். பத்து வயதில் தாயை இழந்தார்.

தந்தையின் கோபம்

16 வயதில் ஓம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால், ஆட்டத்திலும் பாட்டத்திலும் பொழுது போயிற்று. தந்தைக்குக் கடுங்கோபம். படிப்பை நிறுத்தி, மகனை ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஓம் கணித ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு ஊர் திரும்பி, 1811-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியர் ஆனார்.

கொதிநீரும் பனிக்கட்டியும்

கம்பியில் மின்சாரம் ஓடும் என்பது அப்போதே தெரியும். எவ்வளவு ஓடும்? அந்தக் கணக்குத்தான் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஓம் முனைந்தார்.

முதலில் மின்கலத்தைப் பயன்படுத்தினார். அதன் வலிமை நேரம் ஆக ஆகக் குறைந்தது. கணக்கு தவறியது.

ஓம் மனம் தளரவில்லை. செம்பையும் பிஸ்மத் என்ற உலோகத்தையும் இரண்டு இடங்களில் இணைத்தார். ஓர் இணைப்பைக் கொதிநீரில் வைத்தார். மற்றதைப் பனிக்கட்டியில் வைத்தார். இந்தச் சூட்டு வேற்றுமையால் மின்சாரம் பிறந்தது. அது ஒரே சீராகவும் ஓடியது!

பல நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்தார். காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார். 1826-ல் விடை கிடைத்தது.

தண்ணீர்க் குழாய் போல

உயரமான தொட்டியிலிருந்து தண்ணீர் வேகமாக வரும். குழாய் நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் வரத்து குறையும். மின்சாரமும் ஏறக்குறைய அப்படித்தான்.

மின்னேற்றம் கம்பியில் நகர்வதே மின்னோட்டம். அதைத் தள்ளுவது மின்னழுத்தம். மறிப்பது மின்தடை.

அழுத்தம் இரு மடங்கானால் மின்னோட்டமும் இரு மடங்காகும். தடை இரு மடங்கானால் மின்னோட்டம் பாதியாகும். உலோகக் கம்பியின் சூடு மாறாதவரை இந்தக் கணக்கு பொய்க்காது. இதுவே ஓம் விதி.

வேலை போயிற்று

1827-ல் ஓம் இதைப் புத்தகமாக வெளியிட்டார். பேராசிரியர் பதவி கிடைக்கும் என்று நம்பினார். கிடைத்ததோ ஏளனம்! ஜெர்மன் அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. மனம் நொந்த ஓம் 1828-ல் கொலோன் வேலையை விட்டார். பல ஆண்டுகள் குறைந்த வருமானத்தில் காலம் தள்ளினார். 1833-ல்தான் நூரம்பர்க் நகரில் நல்ல வேலை கிடைத்தது.

தேடி வந்த புகழ்

1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. அதன் பிறகே தாய்நாடு கண் விழித்தது. 1852-ல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அப்போது வயது 63. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6-ந் தேதி காலமானார்.

1881-ல் பாரிஸில் உலக மின்சார அறிஞர்கள் கூடினார்கள். மின்தடையின் அளவுக்கு ஓம் என்ற பெயரை ஏற்றுக்கொண்டார்கள். ரேடியோ பழுது பார்ப்பவரும் இன்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் தடையை அளக்கிறார்.