பட்டினி போட்டுக் கண்டுபிடித்தவர்

ஆர்.ஏ.புரத்துல இருந்து திரு.வி.க. பாலத்துல பஸ்ல போயிருக்கீங்களா? சில நாள் அழுகின முட்டை நாத்தம் தூக்கும். நாம மூக்கைப் பொத்திப்போம். அந்த நாத்தத்துக்குக் காரணமான வாயுவில் இருந்தே சக்தி எடுத்து வாழும் பாக்டீரியா உண்டு என்று 1887-ல் சொன்னவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி.

1856-ல் கீவ் நகரில் பிறந்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பியானோ படிக்கப் போனார். மனசு ஒட்டல, அறிவியலுக்கு மாறினார். (டிபார்ட்மென்ட் பிடிக்காம உட்கார்ந்திருக்கிற ஜூனியர்ஸ், தைரியமா இருங்க!)

மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது நுண்ணுயிர்களால் என்று 1877-லேயே பிரான்சில் காட்டிவிட்டார்கள். ஆனால் அந்த உயிர் யார் கையிலும் சிக்கல. எல்லாரும் ஜெலட்டின் மாதிரி சத்தான சாப்பாடு போட்டு வளர்க்கப் பார்த்தாங்க. மத்த பாக்டீரியாதான் கொழுத்தது. சூரிச்சில் வினோகிராட்ஸ்கி தலைகீழாக யோசித்தார். கரிமச் சத்தை மொத்தமா எடுத்துட்டு, அம்மோனியா உப்பு, கார்பனேட் மாதிரி கனிம உப்புகளை மட்டும் வைத்தார். மத்ததெல்லாம் பட்டினியில் பின்வாங்க, 1890-ல் ஆள் சிக்கியாச்சு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும்.

பிறகு ரஷ்யப் புரட்சி வந்தது. சொத்து, ஊர் எல்லாம் போச்சு. 1922-ல், 66 வயசுல, பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துக்காக மறுபடி முதல்ல இருந்து தொடங்கினார். நுண்ணுயிரை அதன் சொந்த மண்ணிலேயே வைத்துப் பார்க்கணும் என்பதுதான் அவர் பிடிவாதம். 1953-ல், 96 வயதில் இறந்தார்.

அவர் சொன்ன மாதிரி நம்ம மண்ணைப் பார்ப்போமா? அடையாறு முகத்துவாரச் சேற்றில் யார் வாழணும்னு உப்பும் ஆக்சிஜனும்தான் முடிவு பண்ணுது. அலை உள்ளே வந்தா உப்பு ஏறும், அதைத் தாங்குற இனங்கள் நிற்கும். மணல் திட்டு வாயை அடைச்சா தண்ணி தேங்கும். கழிவுநீரைத் தின்னும் மத்த பாக்டீரியா ஆக்சிஜனைக் காலி பண்ணிடும். அப்புறம் கிளம்புற அந்த முட்டை நாத்த வாயு நைட்ரிஃபையர்களை முடக்கிடும். அம்மோனியா அப்படியே தேங்கும், மீனுக்கு அது விஷம்.

பட்டினியில பிழைச்ச உயிர், நாம வைக்கிற விருந்துல மூச்சு முட்டுது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல காத்து ஊதுறது இவங்களுக்கும் சேர்த்துத்தான். ஆத்துக்கு யார் ஊதுவா? கழிவுநீரை நிறுத்தி, கடல் உள்ளே வர வழி விட்டாலே போதும், மிச்ச வேலையை அவங்க பார்த்துப்பாங்க.

அடுத்த முறை பாலத்துல மூக்கைப் பொத்தும்போது, கீழே மூச்சு முட்டுறவங்களையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.